ஃபாக்ஸியின் நூறு நாள்

1805ஆம் ஆண்டு ஜூலை 27. இங்கிலாந்தின் வடமேற்கில் ஹெல்வெலின் மலை. அதன் கிழக்குச் சரிவில் ரெட் டார்ன் என்ற சிறிய ஏரி இருக்கிறது. அந்தப் பக்கம் போன ஆட்டிடையர் ஒருவருக்கு நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், செங்குத்துப் பாறைகளுக்கு அடியில் ஒரு மனித எலும்புக்கூடு. பக்கத்தில் உயிரோடு ஒரு சிறிய பெண் நாய். கூடவே செத்துப்போன ஒரு குட்டி.

இறந்தவர் பெயர் சார்ல்ஸ் கோஃப். மான்செஸ்டரைச் சேர்ந்தவர், ஓவியம் வரைபவர், இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். அந்த ஏப்ரலில் பாட்டர்டேல் கிராமத்திலிருந்து மலையைக் கடந்து கிராஸ்மியருக்குப் போகலாம் என்று நாயோடு கிளம்பினார். வழிகாட்டி யாரும் கூட இல்லை. நாயின் பெயர் ஃபாக்ஸி. உடலருகே கிடைத்த பொருள்களில் ஒரு தங்கக் கடிகாரம், ஒரு வெள்ளிப் பென்சில், தூண்டில் சாமான்கள், இரண்டு 'கிளாட் கண்ணாடி' இருந்தன.

கிளாட் கண்ணாடி என்பது நிறமேற்றிய சிறிய குவி ஆடி. அன்றைய சுற்றுலாப் பயணிகள் மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அந்த ஆடிக்குள் தெரியும் மலையைப் பார்ப்பார்கள். காட்சி சின்னதாகி, நிறம் மங்கி, பழைய ஓவியம்போலத் தெரியும். இப்போது நாம் போனைத் தூக்கிப் பிடித்து ஃபில்டர் போட்டுப் பார்ப்பது மாதிரிதான். பிரான்ஸோடு போர் நடந்த காலம் அது. ஐரோப்பாவுக்குப் போக முடியாத இங்கிலாந்துப் பணக்காரர்களும் கலைஞர்களும் சொந்த நாட்டு மலைகளைத் தேடிப் போனார்கள். கோஃபும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

இந்தச் சம்பவத்திலிருந்து சீக்கிரமே இரண்டு கதைகள் கிளம்பின. கார்லைல் நகரப் பத்திரிகை ஒன்று, நாய் எஜமானின் துணியைக் கிழித்து உடலைத் தின்று வெறும் எலும்பாக்கிவிட்டது என்று எழுதியது. அதற்கு நேர்மாறான கதையைச் சொன்னவர்கள் கவிஞர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் சேர்ந்து ஹெல்வெலின் ஏறினார்கள். கூடப் போன மூன்றாவது ஆள் ஹம்ஃப்ரி டேவி, பிற்பாடு சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பாதுகாப்பு விளக்கு செய்தவர். இறங்கி வந்த இரண்டு கவிஞர்களும் ஆளுக்கொரு கவிதை எழுதினார்கள். இரண்டிலும் நாய் எஜமானின் உடலை மூன்று மாதம் விடாமல் காவல் காக்கிறது. ஸ்காட்டின் கவிதையில் அது நரியையும் அண்டங்காக்கையையும்கூட விரட்டியடிக்கிறது. வேர்ட்ஸ்வொர்த் தன் கவிதைக்கு வைத்த தலைப்பே 'விசுவாசம்'.

தின்ற நாயா, காத்த நாயா? இந்தக் கேள்வி இருநூறு வருஷமாக இருக்கிறது. எனக்கு அது இலக்கியம் வழியாக வரவில்லை, வேலை வழியாக வந்தது.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயந்திரப் பொறியியல் படித்தவன். சில வருஷங்களுக்கு முன்னால் பயிற்சிக்காக ஆறு வாரம் வட இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் ஐம்பது வயதுக்காரர். வாரக் கடைசியானால் நாயோடு மலைக்குப் போய்விடுவார். அந்த மலைகளை அங்கே 'ஃபெல்' என்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்து குடியேறிய நோர்ஸ் மக்கள் விட்டுப்போன சொல் அது. ஏரியைக் குறிக்கும் 'டார்ன்', ஓடையைக் குறிக்கும் 'பெக்' இரண்டும் அவர்களுடையவைதான். மலைக்குப் போகிறேன் என்று அவர் சொல்ல மாட்டார். ஃபெல்லுக்குப் போகிறேன் என்பார். நவம்பர் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போனார்.

காலை எட்டு மணிக்கு கிளென்ரிடிங் கிராமத்தில் காரை விட்டு இறங்கினோம். புல்லெல்லாம் வெள்ளை. ஒவ்வொரு இதழின் விளிம்பிலும் உப்புத் தூவியதுபோல உறைபனி. கேமரன் மலையில் பதினைந்து டிகிரிக்கே ஸ்வெட்டர் தேடும் ஆள் நான். முதல் பத்து நிமிஷம் மூக்குக்குள் ஊசி குத்துவதுபோல் இருந்தது. ஆனால் மேலே ஏற ஏறக் குளிர் குறைந்தது. வழக்கமாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்றுதான் பாடத்தில் படித்திருக்கிறோம். காற்றில்லாத தெளிவான இலையுதிர்கால இரவில் கதை மாறிவிடுகிறது. தரை தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தண்ணீர்போல வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும். விடிகாலையில் கீழேதான் அதிகக் குளிர். திரும்பிப் பார்த்தால் அல்ஸ்வாட்டர் ஏரியின் மேல் வெள்ளைப் போர்வை மாதிரி மூடுபனி. அதற்கு மேலே நாங்கள் வெயிலில் நிற்கிறோம். அந்த வெயிலும் நடுப்பகலில்கூட இருபது டிகிரி உயரத்துக்கு மேல் வராத வெயில். மதியமே சாயங்காலம் மாதிரி நிழல் நீளமாக விழும்.

அவருடைய நாய் ஒரு பார்டர் டெரியர். காய்ந்த தேங்காய் நார் நிறம், முழங்கால் உயரம்கூட இல்லை. பழுப்பேறிய பெரணிச் செடிகளுக்குள் புகுந்து அது ஓடும்போது உறைபனி உதிரும் சத்தம் மட்டும் கேட்கும். ஆடுகள் கண்ணில் பட்டதும் அவர் விசிலடித்துக் கூப்பிட்டு வாரைப் பூட்டிவிடுவார். திறந்த மலைநிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய்க்குக் குட்டை வார் கட்டாயம், தரையில் கூடுகட்டும் பறவைகளுக்காக. கால்நடைகள் பக்கத்தில் இருந்தால் வருஷம் முழுக்கக் கட்டாயம். மக்களுக்கு மலைகளில் நடக்கும் உரிமையைக் கொடுத்த 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருக்கிறது.

ரெட் டார்ன் போய்ச் சேர்ந்தபோது கரையோரக் கற்களுக்கு நடுவே மெல்லிய ஐஸ் தகடுகள் இருந்தன. மூன்று பக்கமும் பாறைச் சுவர். பனிக்காலத்தில் பனியாறு தோண்டிவிட்டுப் போன கிண்ணம் அது. இடது பக்கம் ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற கத்திமுனை வரப்பு, வலது பக்கம் ஸ்விரல் எட்ஜ், நேர் எதிரே 950 மீட்டர் உயர உச்சி. வரப்பின் நிழல் பக்கத்துப் பாறைகளில் பனி கண்ணாடிபோல உறைந்திருந்தது. "இன்னிக்கு இதோட போதும்," என்று அவர் முடிவுசெய்துவிட்டார். பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டே எதிர்ப் பாறையைக் காட்டி கோஃப் கதையைச் சொன்னார். "நாய் அவரைத் தின்னுடுச்சுன்னு சொல்றவங்க உண்டு. நான் நம்புறதில்ல," என்றார். சொல்லிவிட்டுத் தன் நாயைப் பார்த்தார். அது அவர் பையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோலாலம்பூர் திரும்பிய பிறகு இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்தியது. இரண்டு கதைகளும் எதிரெதிரானவை என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே கதையாகத் தெரிந்தது. இரண்டிலுமே நாய் செய்யும் எல்லாம் எஜமானைச் சுற்றித்தான் நடக்கிறது. ஒன்றில் அவரைக் காக்கிறது, இன்னொன்றில் அவரைத் தின்கிறது. அதற்கென்று சொந்தமாக ஒரு வாழ்க்கை இருக்கலாம் என்று இரண்டு பக்கமும் நினைக்கவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை 27 வரை ஏறத்தாழ நூறு நாள். நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாள். குட்டி பிறந்து முதல் மூன்று வாரம் அதனால் சரியாக நடக்க முடியாது. தாய் அதிக தூரம் விலகிப் போகவும் முடியாது. அதாவது அந்த நூறு நாளில் பெரும்பகுதி ஃபாக்ஸி சினையாக இருந்திருக்கிறது, அல்லது குட்டியோடு இருந்திருக்கிறது. மலையில் ஒதுக்கமான ஓர் இடம். பக்கத்தில் தண்ணீர். குளிர்காலத்தைத் தாண்டாமல் செத்த ஆடுகளின் உடல்கள் வசந்தத்தில் மலைச்சரிவுகளில் கிடக்கும், முயலும் எலியும் இருக்கும். ஒரு தாய் நாய் அங்கேயே தங்கியதற்கு இத்தனை காரணம் இருக்கிறது. எஜமானின் வாசனையும் அதில் ஒன்றாக இருந்திருக்கலாம். அது மட்டும்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

தின்ற விஷயத்துக்கு வருவோம். தனியாக வாழ்ந்து வீட்டில் இறந்துபோனவர்களின் உடலை வளர்ப்பு நாய் கடித்த சம்பவங்கள் தடயவியல் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. சில சமயம் தட்டில் உணவு மிச்சமிருக்கும்போதே. அந்த நாய்கள் பாசமில்லாத நாய்கள் என்று யாரும் முடிவுகட்டவில்லை. திறந்த மலையில் மூன்று மாதம் கிடந்த உடல் எலும்பாவதற்கு அண்டங்காக்கை, நரி, புழு, மழை போதும், நாய் தேவையில்லை. அதற்காக நாய் தொடவேயில்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது. என்னைக் கேட்டால், தின்றிருந்தாலும் தின்னாவிட்டாலும் அது அங்கே இருந்ததும் குட்டி போட்டதும் பிழைத்ததும் மாறப்போவதில்லை.

வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையில் அந்தக் குட்டி இல்லை. ஸ்காட்டின் கவிதையிலும் இல்லை. மோசமான செய்தி சொன்ன கார்லைல் பத்திரிகைதான் நாய் அங்கே குட்டி போட்டதையும் சொன்னது. கவிஞர்கள் குட்டியை விட்டதன் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். குட்டி உள்ளே வந்தால் விசுவாசம் இரண்டாகப் பிரிந்துவிடும். எஜமானுக்காக மட்டுமே நின்ற நாய் என்று எழுத முடியாது. 1829இல் எட்வின் லாண்ட்சீர் இந்தச் சம்பவத்தை ஓவியமாக்கினார். அதன் தலைப்பு 'பற்று'. பாறைக்கு அடியில் இளைஞன் தூங்குவதுபோலக் கிடக்கிறான், நாய் அவன்மேல் சாய்ந்திருக்கிறது. எலும்பும் இல்லை, குட்டியும் இல்லை.

இதற்குப் பின்னால் வர்க்கக் கணக்கும் ஒன்று இருக்கிறது. அதே மலைகளில் தினமும் நூற்றுக்கணக்கான ஆட்டுநாய்கள் வேலை செய்தன. மழையிலும் பனியிலும் மந்தையைத் திரட்டி இறக்கின. அவற்றுக்குப் பெரிய கவிஞர்கள் யாரும் நினைவுக்கல் கேட்கவில்லை. உடலைக் கண்டெடுத்த இடையரின் பெயரும் கவிதைகளுக்கு வெளியேதான் நின்றது. ஸ்ட்ரைடிங் எட்ஜில் இன்னொரு நினைவுச்சின்னம் இருக்கிறது. பாட்டர்டேல்காரரான ராபர்ட் டிக்சன் 1858 நவம்பர் 27 அன்று வேட்டைநாய்களின் பின்னால் ஓடியபோது அங்கே விழுந்து இறந்தார். அவரும் அதே மலையில், நாய்களால்தான் மலைக்கு வந்து இறந்தவர். ஆனால் அவர் உள்ளூர்க்காரர், நாய்கள் நரியைத் துரத்திப் போய்விட்டன. அந்தச் சாவு பெரிய கவிதையாகவில்லை. வெளியூர்க் கலைஞனும் அவன் காலடியில் ஒரு நாயும் இருந்தால்தான் அது நடக்கிறது.

கோஃபுக்கும் நாய்க்கும் மேலே கல் நட்டது 1890இல், அதாவது 85 வருஷம் கழித்து. நட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹார்ட்விக் ரான்ஸ்லி, கெஸ்விக் பக்கத்துப் பாதிரியார். மலைப்பாதைகளை நில உரிமையாளர்கள் அடைப்பதை எதிர்த்தவர், 1895இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கிய மூவரில் ஒருவர். இன்னொருவர் ஃப்ரான்ஸஸ் பவர் காப். ஆய்வகங்களில் உயிருள்ள விலங்குகளை அறுத்துச் சோதனை செய்வதற்கு எதிராக 1875இல் அமைப்பு தொடங்கிப் போராடிய பெண்மணி. அடுத்த ஆண்டே அந்தச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அது போதாது என்று அவர் தொடர்ந்து எழுதினார். ஆக, 1890இல் அந்தக் கல் வெறும் பழைய ஞாபகம் இல்லை. நாய்க்கும் மனசு உண்டு, அதை மேசையில் கட்டி அறுக்காதே என்று சொல்வதற்கு ஃபாக்ஸி சாட்சியாகக் கூப்பிடப்பட்டது. நல்ல நோக்கம், மறுக்கவில்லை. ஆனாலும் நாய்க்கு இரக்கம் காட்ட, அது முதலில் மனிதனுக்கு விசுவாசமாக இருந்ததை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நிரூபிக்காத நாய்க்கு என்ன கதி?

இந்த இடத்தில்தான் எனக்கு என் தாத்தாவின் நாய் ஞாபகத்துக்கு வருகிறது.

சிலாங்கூரில் ஒரு தோட்டம். தாத்தாவும் பாட்டியும் அங்கே பால்மரம் வெட்டினார்கள். 1998 வாக்கில் தோட்டம் கைமாறி, லயத்தில் இருந்தவர்களைப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஐந்து மாடி பிளாட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது இரண்டு வயது. இதெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். பிளாட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தோட்டத்தில் வீட்டுக்கு வீடு நாய் இருந்தது. லாரியில் சாமான் ஏறியது, நாய்கள் நின்றுவிட்டன. தாத்தா மட்டும் மணியை ஒருமுறை சாக்கில் போட்டு மோட்டாரில் கொண்டுவந்து பார்த்தார். மூன்று நாள் படியடியில் ராத்திரியெல்லாம் அது ஊளையிட்டது. அக்கம்பக்கத்தார் புகார் சொன்னதும் திரும்பவும் கொண்டுபோய் லயத்திலேயே விட்டார். அதன்பிறகு வாரத்தில் இரண்டு நாள் சோறும் கருவாடும் கட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டு வருவார். லயத்தை இடித்த பிறகும் மணி மிச்சமிருந்த சிமெண்ட் படியில்தான் படுத்திருக்குமாம். ஒருநாள் போனபோது இல்லை.

அம்மா இன்றுவரை சொல்வது: "அது ஒங்க தாத்தாவுக்காகக் காத்துக்கிட்டே இருந்துச்சுப்பா." தாத்தா உயிரோடு இருந்தபோது இதைக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். "எனக்காக இல்லம்மா. அதுக்கு வேற எடம் தெரியாது," என்பார்.

சின்ன வயதில் எனக்கு அம்மாவின் பதில்தான் பிடித்திருந்தது. ஹெல்வெலின் பக்கத்து ஆடுகளைப் பற்றிப் படித்தபோது தாத்தாவின் பதில் வேறு மாதிரி கேட்டது. அங்கே மேயும் ஹெர்ட்விக் ஆடுகளுக்கு மேல்மலையில் வேலி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் பங்கு மலையை விட்டுப் பெரும்பாலும் போகாது. எந்த ஓடைவரை தன்னுடையது, காற்றடித்தால் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்பதைக் குட்டி தாயோடு மேய்ந்தே கற்றுக்கொள்கிறது. 'ஹெஃப்ட்' என்று அதைச் சொல்கிறார்கள். பண்ணை கைமாறும்போது மந்தையையும் மலையோடு சேர்த்தே கொடுப்பது வழக்கம், ஏனென்றால் வேறு ஆடு வாங்கி விட்டால் அது நிற்காது. 2001இல் கோமாரி நோய் வந்து ஏராளமான ஆடுகளைக் கொன்றபோது, அந்த வட்டாரத்து விவசாயிகள் விலையைவிட அதிகமாகப் பயந்தது இதற்குத்தான். ஆட்டைத் திரும்ப வாங்கலாம். அந்த ஆட்டுக்குத் தெரிந்த இடத்தைக் கடையில் வாங்க முடியாது.

அதற்கு வேறு இடம் தெரியாது என்று தாத்தா சொன்னது மணியைக் குறைத்துச் சொன்னதில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஓர் இடத்தை அந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருப்பது பெரிய விஷயம். அவருக்கும் அந்தத் தோட்டத்தைத் தவிர வேறு இடம் அப்படித் தெரியாது. பிளாட்டில் ஐந்து வருஷம் இருந்தும் பக்கத்து புளோக்குக்கு வழி கேட்பார் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. வாரம் இரண்டு முறை பன்னிரண்டு கிலோமீட்டர் மோட்டார் ஓட்டிப் போனது நாய்க்குச் சோறு வைக்க மட்டும்தானா என்று நான் அவரிடம் கேட்டதில்லை.

இன்று ஹெல்வெலின் பக்கம் யாராவது காணாமல் போனால் மீட்புக் குழு தேடும் நாய்களோடு வருகிறது. மலையில் நாய் வைத்துத் தேடும் முறைக்கு பிரிட்டனில் அமைப்பு ஏற்படுத்தியவர் ஸ்காட்லாந்து மலையேறி ஹேமிஷ் மக்கினெஸ், 1965இல். நாய் காற்றில் வரும் மனித வாசனையைப் பிடித்து ஆளைக் கண்டுபிடிக்கும், ஓடிவந்து தன்னைப் பழக்கியவரிடம் குரைத்துச் சொல்லும். பரிசாக ஒரு பொம்மை, கொஞ்ச நேரம் விளையாட்டு. காணாமல் போனவர் அதற்கு யாரோ. விசுவாசம் என்று இதில் எதுவும் இல்லை, ஆனாலும் ஆள் பிழைத்துக்கொள்கிறார். 1805இல் அந்த இடையரைக் கூட்டிவந்ததும் குரைப்புதான். அது யாருக்காகக் குரைத்தது என்று நாம் முடிவுசெய்ய வேண்டிய அவசியமில்லை.

ஹெல்வெலின் மேலே இருக்கும் கல்லில் கோஃபின் பெயர் இருக்கிறது. நாய் எலும்புக்கூட்டைக் காவல் காத்த செய்தியும் வேர்ட்ஸ்வொர்த்தின் வரிகளும் இருக்கின்றன. நான் அதுவரை ஏறவில்லை. என்றாவது ஏறினால், அந்தக் கல்லில் இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கிறதா என்று பார்ப்பேன்: இங்கே ஒரு நாய் குட்டி போட்டது, குட்டி பிழைக்கவில்லை.